கொலுசுச் சத்தம் கேட்கிற ரூம்

மொதல்ல அந்த லேப்டாப்பை மூடுங்க. நீலமா ஒரு நீச்சல் குளம், கட்டில் மேல ரோஜா இதழ், அன்னம் மாதிரி மடிச்சு வெச்ச துண்டு, இதெல்லாம் நானும் பாத்தவதான். பனகல் பார்க் பக்கத்துச் சந்துல, மாடிப்படி ஏறினா வர்ற அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீஸ்ல, தலை நரைக்கிற வரைக்கும் உட்காந்து வேலை பாத்தவ நான். குடும்பமா லீவுக்குப் போறவங்களுக்கு எடம் பாத்துக் குடுக்கறதுதான் என் வேலை. ரிட்டையர் ஆகி, மயிலாப்பூர் வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தவளை, 'புதுசா சேந்திருக்கற பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க'ன்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. சொல்றேன். டிக்கெட் போடறது, ரேட் பேசறதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நல்லாவே வரும்.

எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஓனரம்மா. பேர் வேண்டாம், சொன்னா கோவிச்சுப்பாங்க. சேந்த புதுசுல என்னை ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஒரு ஓட்டல்ல ரூம் பாக்க. நான் பாத்ரூம் குழாயைத் திறந்து பாத்தேன், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாத்தேன், பெரிய இன்ஸ்பெக்டர் கணக்கா. அவங்க செருப்பைக் கழட்டிட்டு நேரா கட்டில்ல படுத்துட்டாங்க. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம்.

"நீயும் அந்தக் கட்டில்ல படுத்துக்கோ. கண்ணை மூடிண்டு சொல்லு, என்ன கேக்கறது?"

"ஜெனரேட்டர் ஓடுது மேடம். மேல யாரோ நாற்காலியை இழுக்கறாங்க. சமையக்கட்டுல பாத்திரம் உருட்டறாங்க."

"குழந்தைகள் இங்க நன்னா விளையாடும். பெத்தவா கண் அசர முடியாது. வேண்டாம், கிளம்பு."

அவ்வளவுதான் பாடம். படுத்துப் பாக்காத ரூமை விக்கக் கூடாது. அதோட இன்னொண்ணும் பழக்கி விட்டாங்க. கஸ்டமர் வந்து உட்காந்ததும் 'எங்க போகணும்'னு கேக்கக் கூடாது. 'கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க'ன்னு கேக்கணும். மொதல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு, டாக்டர் ஆஸ்பத்திரியில கேக்கற மாதிரி. ஆனா கேட்டுப் பாருங்க. அப்பாக்கள் சிரிப்பாங்க. அம்மாக்கள் யோசிப்பாங்க, அப்புறம் 'எனக்கென்ன, பசங்களுக்குப் பிடிச்சா போதும்'னு சொல்லுவாங்க. அந்த வாக்கியத்தை எந்த அம்மாவும் மாத்திச் சொல்லி நான் கேட்டதில்ல. ஒருத்தியைத் தவிர. அவ கதையைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட முத்துக்குமார் எங்க ஆபீஸ் படியேறி வந்தாரு. தி.நகர்ல அண்ணன் தம்பிகளா சேந்து பாத்திரக் கடை நடத்தறவங்க. தூத்துக்குடிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. நாள் முழுக்க நின்னுக்கிட்டே வியாபாரம் பண்ற மனுஷன், நாற்காலியைக் குடுத்தாலும் உட்கார மாட்டேங்கறாரு. பின்னாடி அவர் சம்சாரம் செல்வி. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு எட்டு வயசு இருக்கும், ஒரு பொண்ணு. பொன்னி.

பொன்னி கையை உதறிட்டு நேரா என் மேஜைக்கு அடியில போய் உட்காந்துட்டா. கால்ல கொலுசு. நான் அப்படி ஒரு கொலுசைப் பாத்ததே இல்ல. நெருக்கமா முத்து வெச்சு, கல்யாணப் பொண்ணுக்குப் போடற மாதிரி கனமான கொலுசு. அசைஞ்சா ஜல்லுனு மொத்த ஆபீசும் திரும்பிப் பாக்குது.

"அக்கா, ஒரு டூர் போவணும்க்கா. ஊட்டி, கொடைக்கானல், என்னெல்லாம் உண்டோ அத்தனையும் சேத்துப் போடுங்க. கடையை விட்டுட்டு எப்பமாது ஒருக்காதான் போவ முடியும். நாலு எடம் பாத்தாத்தான் போன மாதிரி இருக்கும்லா?" முத்துக்குமார் பேசிக்கிட்டே போறாரு.

நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் இப்படித்தான். லீவுன்னா வேனை எடுத்துக்கிட்டு பாயின்ட் பாயின்ட்டா இறங்கி ஏறணும். சூசைட் பாயின்ட், எக்கோ பாயின்ட், இன்னும் ஏதாவது ஒரு பாயின்ட். ஊருக்குத் திரும்பி வந்து ரெண்டு நாள் படுத்துக் கெடந்தாத்தான் டூர் போன களைப்பு தீரும். அதுக்குப் பேரு ரெஸ்ட்!

நான் அவர் சொன்னதை எழுதவே இல்ல. செல்வியையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். காப்பி குடுத்திருந்தோம். டம்ளரைக் கையில வெச்சிருக்கா, வாய்க்குக் கொண்டு போகல. மூஞ்சி என் பக்கம், காது மேஜைக்கு அடியில. ஜல், ஜல். திடீர்னு அந்தச் சத்தம் நின்னுது. செல்வி பேச்சோட பேச்சா டக்குனு எழுந்து குனிஞ்சுட்டா. காப்பி என் மேஜை முழுக்கக் கொட்டிடுச்சு.

பொன்னி அங்கேயேதான் இருந்தா. எங்க ஊட்டி பிரவுச்சரை நூல் நூலா, அவ்வளவு ஒழுங்கா கிழிச்சுக்கிட்டு இருந்தா. தலை நிமிரல.

"மன்னிச்சிருங்கக்கா. சத்தம் நின்னா எனக்கு உசிரே நின்ன மாதிரி இருக்கும்."

அப்புறம்தான் விவரம் சொன்னா. பொன்னிக்குப் பேச்சு வரல. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆனா கதவு திறந்திருந்தா போதும், ஓடிடுவா. தண்ணின்னா உசிரு, எங்க தண்ணி இருக்கோ அங்க போயிடுவா. அடுத்த வீட்டுத் தொட்டி, தண்ணி லாரி, கோயில் குளம், எதுவானாலும். அதுக்காகத்தான் அந்தக் கொலுசு. வீட்டுல எந்த மூலையில இருக்கான்னு காதாலேயே பாத்துக்குவாங்களாம். சொந்தக்காரங்கள்லாம் 'இந்தக் கோயிலுக்குப் போ, அந்தக் கோயிலுக்குப் போ'ன்னு சொல்றதோட சரி. ஒரு மணி நேரம் புள்ளையைப் பாத்துக்கறேன்னு சொன்னவங்க யாருமில்ல.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கடைசியா எப்போம்மா நல்லாத் தூங்கினீங்க?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. முத்துக்குமார் அப்பத்தான் மொதல் தடவையா நாற்காலியில உட்காந்தாரு.

"நாங்க ஷிப்டுக்கா. பாதி ராத்திரி இவ, பாதி ராத்திரி நான். ரெண்டு பேரும் ஒண்ணா கண்ணை மூடுனது பொன்னி நடக்க ஆரம்பிச்சதுக்கு முந்தி. போன வாரம் இவ பார்க் சிக்னல்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டா. கையில புள்ளை இல்ல."

செல்வி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ரோட்டோரத்துல பூ விக்கற அம்மா ஒருத்தி பாஞ்சு போய் பொன்னியைப் பிடிச்சிருக்கா. பிடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு, "இன்னாம்மா, புள்ளைய வுட்டுட்டு நின்னுக்கினே தூங்கிக்கினு கீற? பஸ்ஸு வந்துருந்தா இன்னா ஆவறது?"ன்னு நாலு பேர் கேக்கக் கத்தியிருக்கா. சொல்லும்போது செல்வி அழல. அழறதுக்குக்கூடத் தெம்பு வேணும் இல்லையா?

முத்துக்குமார் போன் பேச வெளிய போனப்போ அவ மெதுவா சொன்னா: "அவுக ஊட்டிங்காக. எனக்கு ஊட்டி வேண்டாம்க்கா. ஒரே ஒரு மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் சேந்து தூங்கணும். அவ்வளவுதான்."

சொல்லுங்க, இதை எந்த வெப்சைட்ல தேடுவீங்க?

முத்துக்குமார் திரும்பி வந்ததும் நான் சொன்னேன், "சார், ஊட்டியை உங்க பொண்ணு கிழிச்சுட்டா. இனிமே போக முடியாது." மனுஷன் ஒரு நிமிஷம் முழிச்சாரு, அப்புறம் சத்தம் போட்டுச் சிரிச்சாரு. பக்கத்துல, கோவளத்தைத் தாண்டி, ஒரு மணி நேரத்துல போற மாதிரி எடம் பாக்கறேன்னேன். 'இவ்வளவுதானா டூர்'னு கடையில கேட்டா என்ன சொல்றதுன்னு அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் சரின்னாரு.

அடுத்த நாளே ஈ.சி.ஆர். ரோட்டுல கடலோரமா ஒரு ரிசார்ட்டுக்குப் போய்ப் படுத்தேன். கடலைப் பாத்த ரூம்ல மொதல்ல படுத்துப் பாத்தேன். அலை அப்படித் தாலாட்டுது. எனக்கே கண்ணு சொக்குது. அப்பத்தான் வெளிய வராந்தா கூட்டிக்கிட்டு இருந்த பொண்ணோட கால்ல கொலுசு இருந்ததைப் பாத்தேன். "ஏம்மா, கதவுக்கு வெளிய கொஞ்சம் நடந்து காட்டு"ன்னேன். நடந்தா. கேக்கல. "குதி"ன்னேன். குதிச்சா. அப்பவும் கேக்கல. அலைச் சத்தம் அத்தனையையும் முழுங்கிடுது. இந்தக் கெழவிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அவ சிரிச்ச சிரிப்பு மட்டும் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது.

கடைசியில நான் எடுத்தது பின்பக்க ரூம். ஜன்னலைத் திறந்தா சவுக்குத் தோப்பும் கார் நிறுத்தற எடமும்தான் தெரியும். யாரும் கேட்டு வாங்காத ரூம். ஒரே கதவு. கதவுக்கு வெளிய சின்ன வராந்தா, அதுக்குக் கொக்கி போட்ட ஒரு கேட். கால் கழுவ ஒரு குழாய், ஒரு பக்கெட். கட்டில்ல படுத்தேன், அந்தப் பொண்ணை மறுபடி நடக்கச் சொன்னேன். ஜல், ஜல், ஜல். பக்கத்துல உட்காந்து ஆட்டற மாதிரி கேட்டுச்சு. அப்பாடான்னு எழுந்து வந்தேன்.

இனிமேதான் கதையே. அவங்க கிளம்பிப் போன சனிக்கிழமை, வெயில் ஏறின நேரம், நான் ஆபீஸ்ல தயிர்சாதத்தைத் திறந்து வெச்சிருக்கேன். முத்துக்குமார்கிட்டேர்ந்து வாட்ஸ்அப். 'அக்கா ரூம் சூப்பர். கடல் பக்கம். ரொம்ப நன்றி.' கூடவே ஒரு போட்டோ. சுவர் மொத்தமும் கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டி மணல். மணலைத் தாண்டிக் கடல்.

ரிசார்ட் மேனேஜருக்குப் போன் போட்டேன். தங்கமான பையன். ரொம்பப் பெருமையா சொல்றான், "மேடம், உங்க கெஸ்ட்னு சொன்னாங்க. ஒரு சீ-வியூ ரூம் காலியா இருந்துச்சு. ஃப்ரீயா அப்கிரேட் பண்ணிட்டேன். நீங்க தாங்க்ஸ் எல்லாம் சொல்ல வேணாம்!"

நான் கோடம்பாக்கத்துல பொறந்தவ. அப்பா ஸ்டுடியோவுல லைட் தூக்கினவரு. ஆபீசுக்கு வந்தப்புறம் வாயைக் கழுவி வெச்சிருந்தேன். அன்னிக்கு அந்த மெட்ராஸ் பாஷை தானா அவுந்துக்கிச்சு. "இன்னா நைனா பண்ணி வெச்சிகீற? உன்னை யாருப்பா கேட்டது? கடல் வேணும்னா நானே கேட்டிருக்க மாட்டேன்?" அவன் பாவம், "மேடம்... மேடம்..."ங்கறான். பின்பக்க ரூமை ஏற்கெனவே வேற யாருக்கோ குடுத்துட்டானாம். ரிசார்ட் ஃபுல்.

பக்கத்து சீட்டுப் பொண்ணு சொன்னா, "கஸ்டமரே சூப்பர்னு அனுப்பியிருக்காரு மேடம். நாம ஏன் தலையிடணும்?" நல்ல கேள்விதான். நீங்களும் இதைத்தான் கேப்பீங்க. நான் செல்விக்குப் போன் போட்டேன்.

"ரூம் பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்ப நல்லாருக்குக்கா." பின்னாடி அலை. "எல்லாம் நல்ல... ஏங்க! பொன்னி அங்கனயா இருக்கா? ஏங்க!" போன் கட் ஆயிடுச்சு.

நம்ம ஜனங்க மரியாதைக்காரங்க. இலவசமா ஒருத்தர் நல்லது செஞ்சுட்டா அது வேண்டாம்னு சொல்ல வாய் வராது. செத்தாலும் சூப்பர்னுதான் சொல்லுவாங்க. தயிர்சாத டப்பாவை மூடினேன். திருவான்மியூர் வரைக்கும் ஆட்டோ, அங்கேர்ந்து பஸ்சு. அடையாறு தாண்டறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துடுச்சு. வழி பூரா ஒரே நெனப்பு. அந்த ரூமைப் பாத்துப் பாத்து எடுத்தது நான். அந்த ஒரு மத்தியானம் போயிடுச்சுன்னா, அவங்க இன்னொரு தடவை கடையை விட்டு வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ.

போய்ப் பாத்தா, கண்ணாடிக் கதவுல முதுகைச் சாச்சு செல்வி நிக்கறா. வாசக் கதவுல முதுகைச் சாச்சு முத்துக்குமார் நிக்கறாரு. நடுவுல பெரிய மெத்தைக் கட்டில், விரிப்புகூடக் கலையல. பொன்னி கடலைப் பாத்துக் கண்ணாடியைத் தட்டிக்கிட்டு, அம்மா பொடவையை இழுத்துக்கிட்டு இருக்கா. கொண்டு வந்த பை அப்படியே கட்டின மேனிக்கு இருக்கு. லீவுக்கு வந்து ஆளுக்கு ஒரு கதவுல வாட்ச்மேன் வேலை!

என்னைப் பாத்ததும் முத்துக்குமார் பதறிப் போயி, "அய்யோ, நீங்க ஏன்க்கா இவ்வளவு தூரம்? நாங்க நல்லாத்தான் இருக்கோம்"ங்கறாரு. அந்த நேரத்துலயும் என்னை சமாதானப்படுத்தறாரு பாருங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "நல்லா இருக்கற லட்சணம் தெரியுது, பையை எடுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

பின்பக்க ரூம்ல இருந்தது பெருங்குடியில கம்ப்யூட்டர் வேலை பாக்கற ஒரு ஜோடி. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. கதவைத் தட்டி, "தம்பி, உங்களுக்குக் கடலைப் பாத்த ரூம் தர்றேன், எக்ஸ்ட்ரா எதுவும் கெடையாது. இதை எங்களுக்குக் குடுப்பீங்களா?"ன்னு கேட்டேன். அந்தப் பையன் என்னைச் சந்தேகமாப் பாத்தான், யாரோ ஏமாத்த வந்திருக்காங்கன்னு. அந்தப் பொண்ணுதான் என் பின்னாடி நின்ன செல்வி மூஞ்சியைப் பாத்துச்சு. ஒரு கேள்வி கேக்கல. "மச்சி, பெட்டியை எடு"ன்னுச்சு புருஷன்கிட்ட. எங்க இருந்தாலும் அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

ரூம் மாறியாச்சு. இதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சுடாதீங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். செல்வி கட்டில் ஓரத்துல, எழுந்து ஓடத் தயாரா உட்காந்திருக்கா. கண்ணு செவசெவன்னு இருக்கு. இந்த மாதிரி அம்மாக்கள்கிட்ட 'நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா இருக்கற கொஞ்ச நஞ்சத் தூக்கமும் ஓடிடும். நான் வேற மாதிரி சொன்னேன்: "எனக்கு முட்டி வலி. வெயில் தாழாம பஸ் ஏற முடியாது. இந்த வராந்தாவுல, கேட்டுல சாஞ்சு உட்காரப் போறேன். பொன்னி இங்க விளையாடட்டும். கதவை நல்லாத் திறந்தே வைக்கறேன், உனக்குச் சத்தம் கேக்கும். நீ சும்மா காலை நீட்டிக்கோ."

"அஞ்சு நிமிசம்"னு சொல்லிட்டுச் சாஞ்சா. முத்துக்குமார் ஏற்கெனவே அந்தப் பக்கம் விழுந்துட்டாரு. சட்டைகூடக் கழட்டல.

குழாயைத் திறந்து பக்கெட்ல தண்ணி பிடிச்சு வெச்சேன். பொன்னி வந்தா. என்னைப் பாக்கல, என் கையை மோந்து பாத்தா, தயிர்சாத வாசனை போல, பரவாயில்லைன்னு விட்டுட்டா. பக்கெட் முன்னாடி குந்திக்கிட்டு தண்ணியையே பாத்தா. அசையல. அப்படியே செலையாட்டம்.

எனக்கு ஒரே சந்தோஷம், ஆஹா, எவ்வளவு சமத்தா உட்காந்திருக்கான்னு. அந்தச் சந்தோஷம் ரெண்டு நிமிஷம் நிக்கல. உள்ளேர்ந்து செல்வி தலைமுடி அவுந்து தொங்க ஓடி வந்தா. "எங்க? எங்க அவ?"

"இதோம்மா, இங்கயேதான்."

அவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிலையில சாஞ்சா. அப்பத்தான் என் மண்டையில உறைச்சுது. ரூமைச் சுத்தி ஓனரம்மா சொன்ன அமைதி அத்தனையும் இருக்கு. ஆனா இவளை எழுப்பி விடறதே அந்த அமைதிதான். எல்லா வீட்டுலயும் புள்ளை சத்தம் போட்டா அம்மா எழுந்துக்குவா. இவ, சத்தம் நின்னா எழுந்துக்குவா. பொன்னி தண்ணியைப் பாத்து செலையாட்டம் உட்கார உட்கார இவளுக்குத் தூக்கம் கெடையாது.

செல்வியை மறுபடி உள்ள அனுப்பிட்டு யோசிச்சேன். காலைத் தொட்டு ஆட்டலாம்னா பொன்னிக்கு வேத்து ஆள் தொட்டா ஆகாது, அலறிடுவான்னு செல்வி சொல்லியிருந்தா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. என்னடா செய்யறதுன்னு, சும்மா கை போன போக்குல, பக்கெட்டோட இருந்த மக்கால கொஞ்சம் தண்ணி மொண்டு, உசரத்துலேர்ந்து திரும்ப அதே பக்கெட்ல ஊத்தினேன். சள்.

பொன்னி ரெண்டு காலையும் தூக்கி ஒரு குதி குதிச்சா. ஜல்!

நான் மறுபடி மொண்டேன். ஊத்தினேன். மறுபடி குதிச்சா. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு, சத்தமே இல்லாம. அடி என் கண்ணேன்னு இருந்துச்சு எனக்கு. உள்ள எட்டிப் பாத்தேன். எழுந்துக்கலாமான்னு பாதி தூக்கியிருந்த செல்வியோட தலை, அந்த ஜல்லுக்கு மெதுவா தலையணைக்குத் திரும்பிப் போச்சு.

அப்புறம் நான் நிறுத்தவே இல்ல. மொள்றது, ஊத்தறது. மொள்றது, ஊத்தறது. ஒவ்வொரு ஊத்தலுக்கும் ஒரு ஜல். அவளுக்கு அலுக்கவே இல்ல. எந்தத் தண்ணியைப் பாத்தா அவங்க பயந்து சாவாங்களோ, அந்தத் தண்ணியை வெச்சே அவங்களைத் தூங்கப் பண்ணிக்கிட்டு இருந்தேன். உள்ள முத்துக்குமார் குறட்டை விட ஆரம்பிச்சாரு. கொஞ்ச நேரத்துல செல்வியும்! ரெண்டு குறட்டை, ஒரு கொலுசு. அதைவிட நல்ல கச்சேரி மயிலாப்பூர் சபாவுலகூட நான் கேட்டதில்ல.

மேனேஜர் பையன் மன்னிப்புக் கேக்க ஜூஸோட வந்தான். வாயைத் திறக்கறதுக்குள்ள, உதட்டுல விரல் வெச்சு விரட்டி விட்டேன். போனவன் என்ன நெனைச்சானோ, திரும்பி வந்து சத்தம் போடாம ஒரு குடையை விரிச்சு என் தலைக்கு மேல கட்டிட்டுப் போனான். போன்ல அவனைத் திட்டினதுக்கு மனசுக்குள்ள ஒரு சாரி சொல்லிக்கிட்டேன்.

தோள்பட்டை விட்டுப் போச்சு. இந்தக் கையிலேர்ந்து அந்தக் கை, அந்தக் கையிலேர்ந்து இந்தக் கை. சவுக்குத் தோப்பு நிழல் நீண்டு வராந்தாவுக்கு வந்தப்போ முத்துக்குமார் எழுந்து வெளிய வந்தாரு. நான் ஊத்தறதையும் பொன்னி குதிக்கறதையும் பாத்துக்கிட்டே நின்னாரு. உள்ள திரும்பிப் பொண்டாட்டியைப் பாத்தாரு. என் பக்கத்துல சம்மணம் போட்டு உட்காந்து, என் கையிலேர்ந்து மக்கை வாங்கிக்கிட்டாரு. நாள் பூரா பாத்திரம் விக்கறவர் இல்லையா, தண்ணி விழற சத்தத்தை ஏத்தி எறக்கி ராகம் போட ஆரம்பிச்சுட்டாரு. பொன்னிக்குக் கொண்டாட்டம். இப்பவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையில தம்பியை நிறுத்திட்டு வந்து, வீட்டு பாத்ரூம் வாசல்ல இந்த வேலையைத்தான் பண்றாராம். கீழ் வீட்டுக்காரங்க தண்ணியை வீணாக்கறீங்கன்னு சண்டைக்கு வந்திருக்காங்க. ஒரு சொட்டு வெளிய போகலைன்னு பக்கெட்டைக் காட்டியிருக்காரு. பாதி மத்தியானமாவது செல்வி தூங்கிடறாளாம்.

அன்னிக்கு செல்வி எழுந்து வந்தப்போ வெயில் மஞ்சளாயிடுச்சு. கன்னத்துல தலையணைத் தையலோட தடம் அப்படியே பதிஞ்சிருக்கு. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், 'ஏன் எழுப்பல'ன்னு கேப்பாளோன்னு. எதுவும் கேக்கல. பொன்னி எங்கன்னும் கேக்கல. வாசப்படியில வந்து, பொன்னிக்கு முதுகைக் காட்டி, தோப்பைப் பாத்து உட்காந்தா. பின்னாடி ஜல், ஜல்னு கேட்டுக்கிட்டே இருக்கு.

மேனேஜர் பையன் காப்பி கொண்டு வந்து வெச்சான், ஆவி பறக்க. செல்வி எடுத்தா. ஊதி ஊதி, ஒரு வாய், இன்னொரு வாய்னு, கீழ வைக்காம மொத்தத்தையும் குடிச்சா. அன்னிக்கு ஆபீஸ்ல என் மேஜையில கொட்டின காப்பி எனக்கு ஞாபகம் வந்துச்சு. நான் எங்கேயோ பாக்கற மாதிரி உட்காந்திருந்தேன்.

காலி டம்ளரைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே, வெக்கத்தோட என்னைப் பாத்தா.

"அக்கா, எனக்கு இன்னொரு காப்பி கெடைக்குமா?"

எத்தனை அம்மாக்களுக்கு நான் டூர் போட்டுக் குடுத்திருப்பேன். எனக்குன்னு ஒண்ணு வேணும்னு வாயைத் திறந்து கேட்டவ இவ ஒருத்திதான். மேனேஜர் பையனைக் கூப்பிட்டிருக்கலாம், பக்கத்துலதான் நின்னான். எனக்குத் தோணவே இல்ல. டம்ளரை வாங்கிக்கிட்டு கேன்டீனுக்கு நானே ஓடினேன். முட்டி வலி அப்போ எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.